வடுவின் ஓரத்தில்

சென்னை,
12 ஜூன் 1933

அன்புள்ள இன்பம் அக்காவுக்கு,

தங்கை ஜெபகனி எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் இங்கே சுகம். நீயும் மாமாவும் ஆம்பூரில் சுகமாக இருக்கிறீர்களா? பாலாற்றில் ஊற்றுத் தண்ணீராவது கிடைக்கிறதா?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பேராசிரியர் பஞ்சாட்சரம் விலங்குகளின் இதயத்தை ஆராய்கிறவர். மெழுகில் பதித்த இதயத் துண்டுகளைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவது என் வேலை. அந்தக் கூடத்தில் புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். முதல் நாள் யாரும் என்னோடு பேசவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நேற்று ஒரு தவளையின் இதயத்தை எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டார்கள். தவளை செத்துவிட்டது. இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் இல்லை, உடம்பு இல்லை, கேட்பார் யாரும் இல்லை. சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. எல்லோரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். சின்ன வயதில் உனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இதயத்தைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன சமயத்தில், நான் உன் மார்பில் காது வைத்துக் கேட்பேனே, ஞாபகம் இருக்கிறதா? கேட்டு என்ன செய்வேன் என்று தெரியாமலே கேட்பேன். நேற்றும் அப்படித்தான் நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் பிரியமுள்ள தங்கை,
ஜெபகனி


ஆம்பூர்,
25 ஜூன் 1933

அன்புள்ள தங்கை ஜெபகனிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே உன் மாமாவும் நானும் சுகம். வெயில்தான் ஜாஸ்தி. தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிகளைத் திறந்தால் தெரு முழுக்க நாற்றம். உன் மாமா கணக்கெழுதிவிட்டு வரும்போது சட்டையிலும் அதே வாசனை. முன்பெல்லாம் எனக்கு அது உறைப்பதே இல்லை. இப்போது கொஞ்ச நாளாக வயிற்றைப் புரட்டுகிறது. வெயில்தான் காரணம்.

அந்தத் தவளையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செத்துப்போன செய்தி அதன் இதயத்துக்குப் போய்ச் சேரவில்லை போல. உன் மாமாவிடம் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னா சாப்பிடற நேரத்துல இதெல்லாம்" என்றார். பிறகு அவரே, அது எவ்வளவு நேரம் துடித்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எழுது.

இன்னொன்றும் எழுது. இதயம் முதலில் எப்படி உண்டாகிறது? துடிக்க ஆரம்பித்த பிறகு வளருமா, வளர்ந்து முடிந்த பிறகு துடிக்குமா? நீ படித்தவள். எனக்கு விளங்குகிற மாதிரி சொல்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்தே இருக்காதே.

உன் அக்கா,
இன்பம்


சென்னை,
9 ஜூலை 1933

அன்புள்ள அக்கா,

நான் சுகம். அங்கே உன் சுகத்தையும் மாமா சுகத்தையும் எழுது. அந்த இதயம் சாயங்காலம் வரை துடித்தது என்று மாமாவிடம் சொல்.

நீ கேட்ட கேள்வியைப் பேராசிரியரிடம் அப்படியே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து ஒரு தலைப்பிரட்டையை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்து, "பாருங்கம்மா" என்றார். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் தெரிகிறது. கடுகைவிடச் சின்னது, ஆனால் துடிக்கிறது. அதே மாதிரி ஒன்றைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தோம். இதயத் தசையின் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. அதாவது அக்கா, வேலை செய்துகொண்டே அது தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஓடுகிற ரயிலிலேயே உட்கார்ந்து அந்த ரயிலைச் செய்வது போல. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: துடிப்பும் வளர்ச்சியும் சேர்ந்தே நடக்கின்றன.

ஆனால் வளர்ந்த பிராணியில் இது நின்றுவிடும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பிறகு இருக்கிற தசை பருக்கும், புதிதாக ஒரு செல் உண்டாகாது. தோல் கிழிந்தால் புதுத் தோல் வரும், எலும்பு முறிந்தால் கூடும். இதயத்தில் புண் வந்தால் வெறும் வடுதான் மிஞ்சும். பேராசிரியருக்கு இதில் ஒரு சந்தேகம். வளர்ந்த தவளைகளை மயக்கி, மார்பைத் திறந்து, இதயத்தின் நுனியில் சூடான ஊசியால் ஒரு புள்ளி சுட்டுத் தைத்துவிடுகிறார். ஆச்சரியம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. சில வாரம் கழித்து அந்தப் புண்ணைச் சீவிப் பார்க்கப் போகிறோம்.

தசரா லீவுக்கு ஆம்பூர் வருகிறேன். அங்கே எல்லோருக்கும் என் அன்பு.

ஜெபகனி


ஆம்பூர்,
6 ஆகஸ்ட் 1933

அன்புள்ள ஜெபகனிக்கு,

இங்கே சுகம். அங்கே உன் சுகத்துக்கு ஜெபித்துக்கொள்கிறேன். பென்சிலில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, மைக்கூடு கைக்கு எட்டவில்லை. பதில் தாமதமானதற்கும் அப்படித்தான். வீட்டு வேலை.

தலைப்பிரட்டை பற்றி நீ எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. கடுகைவிடச் சின்னது, ஆனால் துடிக்கிறது. அந்த இடத்தில் மட்டும் நிறுத்திவிடுவேன்.

சுட்ட தவளைகள் என்ன ஆயின? உன் மாமாவிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்த தோல் கணக்கில்தான் பதில். வடு உள்ள இடம் இழுத்தால் நீளாது என்கிறார். நான் கேட்பது வேறு. குட்டியாக இருந்தபோது ஒரு தவளைக்கு இதயத்தில் புண்பட்டு, அது வளர்ந்து பெரிதாகி, பிறகு ஒரு காலத்தில் அதன் மேல் பாரம் கூடினால், அந்த இதயம் தாங்குமா? சும்மா கேட்கிறேன். பொழுது போகவில்லை.

தசராவுக்கு வராதே. ஓடு மாற்றுகிறோம், வீட்டில் ஒரே தூசி. கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும்.

உன் உடம்பு பத்திரம்.

அக்கா


சென்னை,
10 செப்டம்பர் 1933

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் சுகமா? நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் போதாது. மூன்று நாளாகத் தரையில் கால் பாவவில்லை.

சுட்ட தவளை ஒன்றின் இதயத்தைச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புண் இருந்த இடம் முழுக்க வெளிறிய வடு. எதிர்பார்த்ததுதான். தகட்டை நகர்த்தி வடுவின் ஓரத்துக்கு வந்தேன். அங்கே ஒரு செல். அதன் நடுவில், நீலச் சாயம் ஏறிய இழைகள் இரண்டு கொத்தாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக விலகி நின்றன. பிரிந்துகொண்டிருந்த கணத்திலேயே அது நின்றுபோயிருக்கிறது. தலைப்பிரட்டையில் பார்த்த அதே கோலம். இது குஞ்சு இல்லை அக்கா, முட்டையிட்ட தவளை.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. உலகம் உண்டானது முதல் இது தவளைகளுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கலாம், யாரும் பார்க்காமல். கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்கிற நேரத்தில் உடம்பில் ஒன்று ஓடுமே, அது ஓடியது. உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டேன்.

பேராசிரியர் பார்த்தார். தகட்டை அவரே முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு, அது தசைச் செல்தானா, வடுவைக் கட்ட வந்த வேறு செல்லா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்துச் சீவல்களை எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. யாரும் அப்படிச் சோதித்ததில்லை. ஓடு மாற்றினால் என்ன, நான் தூசியில் படுக்காதவளா? தசராவுக்கு வரத்தான் போகிறேன்.

ஜெபகனி


சென்னை,
8 அக்டோபர் 1933

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? லீவில் பேராசிரியர் வேலை கொடுத்துவிட்டதால் என்னால் வர முடியவில்லை. அதற்காக நீ கோபித்துக்கொள்கிறவள் இல்லை. வராதே என்றவளே நீதான். என் கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்குப் பின் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். இரண்டிலும் இதயத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு வரி எழுது அக்கா. சுகம் என்று மட்டும் வேண்டாம்.

ஜெபகனி


வேலூர்,
14 அக்டோபர் 1933

அன்புள்ள ஜெபகனிக்கு,

சாந்தகுமார் எழுதுவது. ஆண்டவர் உனக்குத் துணையாக இருப்பாராக. உன் அக்காவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு வாரம் ஆகிறது. பயப்படாமல் மேலே படி.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் உண்டாகியிருக்கிறாள். இப்போது ஏழு மாதம் நடக்கிறது. வைகாசியிலேயே இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்ட இதயம் பிள்ளைப்பேற்றைத் தாங்குவது கஷ்டம், இப்போதே கலைத்துவிடலாம் என்று சொன்னார்கள். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாய் என்றாள்.

போன மாதக் கடைசியில் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல், உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு சத்தார் பாயின் மனைவி அஜீஸுன்னிசாதான் பார்த்துவிட்டு கம்பெனிக்கு ஆள் அனுப்பினாள். இப்போது மருந்தில் கொஞ்சம் தேவலை. யாரும் வந்து அவள் மனதைக் கலக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. அவர்கள் சொன்னதும் எழுதுகிறேன், அப்போது வா. அதற்கு முன் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. உன் கடிதம் வந்தால் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறாள்.

உன் மாமா,
சாந்தகுமார்


சென்னை,
16 அக்டோபர் 1933

அக்கா,

உனக்கு சுகமா என்று எழுதக் கை வரவில்லை. சுகமில்லை என்று தெரியும்.

பாரம் கூடினால் தாங்குமா என்று நீ கேட்டபோது நான் தவளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உன் மேல் கோபமாக இருக்கிறது. அதைவிட என்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. நான் எழுதியதை எல்லாம் நம்பி, உன் இதயமும் தன்னைத் திருப்பிக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்துத்தான் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டாயா?

அப்படி என்றால் நான் உனக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் பக்கத்துச் சீவல்களைப் பார்த்து முடித்துவிட்டார். நான் பார்த்த செல்லின் ஓரத்தில், இதயத் தசைக்கு மட்டுமே உள்ள குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. அது தசைதான் என்கிறார். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அக்கா, அந்தப் புண் முழுக்க அப்படிக் கிடைத்தவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் வடு. அது தவளை. மனுஷ இதயத்தில் இப்படி நடக்கிறது என்று யாரும் கண்டதில்லை. அதை வைத்து உன் இதயம் ஆறும் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்ல ஆசையாக இருக்கிறது. முடியாது.

வரலாம் என்று ஒரு வார்த்தை வந்தால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன்.

ஜெபகனி


வேலூர்,
24 அக்டோபர் 1933

அன்புள்ள ஜெபகனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்தபடியேதான் தூக்கம், கால் வீங்கியிருக்கிறது, உப்பில்லாத கஞ்சி. நீ கேட்ட மாதிரி உள்ளதை எழுதிவிட்டேன்.

தவளையை நம்பி நான் இதைச் செய்யவில்லை. நீ முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே டாக்டரம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் இதயம் ஆறாது என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக நான் அதோடு குடித்தனம் பண்ணுகிறேன். நான் கேட்டதில் பாதிக்குமேல் எனக்காக இல்லை. உள்ளே இருப்பதற்காக. தலைப்பிரட்டையைப் பற்றி நீ எழுதிய அன்று, என் வயிற்றுக்குள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. நான் பாத்திரம் துலக்கும்போது நடக்கிறது. மூச்சு வாங்கி நிற்கும்போதும் நடக்கிறது. என் கெட்டுப்போன இதயம் அனுப்புகிற ரத்தத்தை வாங்கிக்கொண்டு அது ஒரு புது இதயத்தைச் செய்கிறது. இதை நினைத்தால் பயம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

முந்தாநாள் டாக்டரம்மா ரப்பர் குழாயை என் காதில் மாட்டிவிட்டார்கள். முதலில் என்னுடையது. துடைப்பத்தால் ஈரத்தரையைப் பெருக்குகிற மாதிரி ஒரு இழுவைச் சத்தம், அதற்கு நடுவில் தட்டு. பிறகு குழாயின் வாயை வயிற்றில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கேட்டது. தூரத்தில் ஜட்கா வண்டிக் குதிரை ஓடுகிற மாதிரி, அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம். நான் அழுதேன். டாக்டரம்மா குழாயை எடுக்கவில்லை, கேட்டு முடிக்கிற வரை விட்டார்கள்.

இனி நீ வரலாம். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

அக்கா


வேலூர்,
27 நவம்பர் 1933

அன்புள்ள மாமாவுக்கு,

அக்காவைப் பார்க்க வந்த சத்தார் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிட அவர் முன்னே வந்துவிடுவார். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: பெண் குழந்தை. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். உடனே புறப்பட்டு வாருங்கள்.

நீங்கள் ஆம்பூர் போன மறுநாள் காலையிலேயே வலி கண்டுவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்காவைச் சாய்த்து உட்கார வைத்தபடியே பிரசவம் பார்த்தார்கள். அவள் முக்கினால் இதயம் தாங்காது என்று டாக்டரம்மா ஆயுதம் போட்டு எடுத்தார்கள். குழந்தை அழவில்லை. சாம்பல் நிறத்தில் துவண்டு கிடந்தது. நர்ஸ் அமிர்தவள்ளி என் கையைப் பிடித்து இழுத்து, "தொட்டுப் பாருங்க, போயிடலை" என்று தொப்புள்கொடியில் என் விரலை வைத்தாள். துடித்தது மாமா. மூச்சு இன்னும் வரவில்லை, உலகம் இன்னும் தெரியாது, விரலடியில் அப்படித் துடித்தது. எத்தனையோ இதயங்களைச் சீவித் தகட்டில் ஒட்டியிருக்கிறேன். உயிரோடு ஒன்று என் விரலைத் தள்ளியது இதுதான் முதல் தடவை. அப்புறம் அழுதாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு மோசமாகிவிட்டது. வாயில் நுரை வந்தது. இதயத்தின் பாரத்தைக் குறைக்கக் கையில் நரம்பைத் திறந்து ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். படுத்தால் மூச்சு நிற்கிறது என்பதால் நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் முதுகை என் மார்பில் தாங்கிக்கொண்டேன். பொழுது சாயும் வரை அப்படியே இருந்தோம். அவள் முதுகு வழியாக அவளுடைய இதயம் என்னைத் தட்டிக்கொண்டே இருந்தது. தடுக்கும், தாமதிக்கும், பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வரும். நான் பிறப்பதற்கு முன்னால் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடைக்காதது. புத்தகம் சொல்வது சரியென்றால், பழைய தசையை வைத்துக்கொண்டு, வடுவையும் சுமந்துகொண்டு, இன்னொரு இதயத்துக்கும் சேர்த்து இத்தனை மாதம் உழைத்திருக்கிறது. தவளையைப் பார்த்து எழுந்து நின்றவள் நான். இதன் முன்னால் எழுந்து நிற்கவும் முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை கஞ்சி குடித்தாள். உங்களைக் கேட்டாள். பத்திரமாக வந்து சேருங்கள்.

ஜெபகனி


ஆம்பூர்,
21 ஜனவரி 1934

அன்புள்ள ஜெபகனிக்கு,

நீ சென்னையில் சுகமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். பேராசிரியர் உன் பெயரையும் சேர்த்துத் தவளைக் கட்டுரையை அனுப்பியிருக்கிறார் என்று மாமா சொன்னார். அதைத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர்களுக்குத் தவளை எதற்கென்று புரியவில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆட்டுப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அஜீஸுன்னிசாவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. யாரும் கேட்காமலே வந்து இவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். குடித்து முடித்ததும், "இனிமே இவ என் பையனுக்குத் தங்கச்சி. ஒரு பால் குடிச்சவங்களுக்கு நாளைக்கு நிக்காஹ் பேச முடியாது, பார்த்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தாள். தினமும் நாலைந்து தடவை வருகிறாள். போன வாரம் ஞானஸ்நானத்துக்கு என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் உன் மாமா, மறுபக்கம் சத்தார் பாய். கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். குழந்தைக்குக் கிருபை என்று பெயர் வைத்தோம்.

நேற்று வேலூர் போய்க் காட்டினேன். டாக்டரம்மா நெடுநேரம் கேட்டார்கள். முன்னைவிட நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை என்றார்கள். இன்னொரு பிள்ளை கூடாது, மாடிப்படி கூடாது, குடம் தூக்கக் கூடாது. இது எப்படித் தாங்கியது என்று கேட்டேன். குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியலை இன்பம்" என்றார்கள். அப்படிச் சொன்னபோது அந்த அம்மாள் முகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் முகம் தெரிந்தது. எனக்குத் தெரிந்து, படித்த டாக்டர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

கிருபை என் மடியில் இருக்கிறாள். அவளை ரொம்ப நேரம் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது, மூச்சு வாங்கும். முடிகிற வரை வைத்திருக்கிறேன், பிறகு மாமாவிடம் கொடுத்துவிடுவேன். எடை கூடிவிட்டாள், அதனால் வைத்திருக்கிற நேரம் வாரத்துக்கு வாரம் குறைகிறது. அதை அளந்து பார்த்துச் சந்தோஷப்படுகிற தாய் நான் ஒருத்திதான் இருப்பேன்.

இப்போதே கை வலிக்கிறது. உன் மாமாவைக் கூப்பிடுகிறேன்.

உன் அக்கா,
இன்பம்